காய்ச்சிய மாதிரி

வைகாசி, வியாழன் இரவு.

தண்ணீர் மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போகும் ஐஸ் பெட்டிக்குள் இனி என் மத்தியானச் சாப்பாட்டை வைப்பதில்லை என்று இன்று தீர்மானித்தேன். கிணறுகளில் நான் தேடும் ஆசனிக் நஞ்சுக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் இருந்த நீண்டகால உறவு இத்துடன் முறிந்தது.

தர்மபுரத்தில் பரமேஸ்வரி அக்கா தன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி ஆயத்தமாக வைத்திருந்தா. காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடித்தது.

“வீட்டுக்கு வாற ஆளுக்குப் பச்சைத் தண்ணி குடுக்கிறதே, தம்பி?”

ஆசனிக் இரண்டு வடிவங்களில் இருக்கும், ஒன்று மற்றதைவிட நஞ்சு கூடியது, காய்ச்சினால் எது எவ்வளவு இருந்தது என்று பிடிக்க முடியாது என்று விளக்கினேன். நல்ல விளக்கம். அக்கா புதுத் தண்ணீர் அள்ளித் தந்தா. காற்றுப் புகாமல் நிரப்பி மூடினேன்.

“காய்ச்சினா நஞ்சு போகாதோ?”

“போகாது, அக்கா.”

“எங்கட கிணத்தில எது?”

“முடிவு வந்தாத்தான் தெரியும். ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம்.”

உண்மைதான். மிகவும் மெதுவாகச் சொன்னதால் அக்கா நம்பியிருக்க மாட்டா.

வீட்டுக்குள் வந்து நான் போத்தலில் பெயர் ஒட்டும்போது, அக்கா புளியங்குளத்திலிருக்கும் மகளுக்குப் போன் எடுத்தா. தலைப்பிரசவத்துக்கு அடுத்த கிழமை தாய் வீட்டுக்கு வர இருந்த பிள்ளை.

“இப்ப வராத, குஞ்சு. உன்ர அறைக்கு அடிச்ச பெயின்ற் இன்னும் காயேல்லை.”

அந்த அறைச் சுவரில்தான் நான் சாய்ந்து நின்றேன். சட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை.

பிரசவம் இனிப் புளியங்குளத்தில், மாமியார் வீட்டில்.