ஜெரோன் பிக்கெட்டின் எழுபத்தொரு சதவீதம்

அக்டோபர் 1, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. தேவாலயத்தில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். ஐந்தாவது வெற்றி! ஐந்துக்கு ஐந்து! நம் ப்ளூரிவர் கல்லூரி ஃபுட்பால் அணி இப்படி ஆடி எத்தனை வருடம் ஆயிற்று என்று நேற்று மைதானத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் இந்தப் பதினெட்டு வயதுப் பையனால். ஜெரோன் பிக்கெட். ஓக்லஹோமாவிலிருந்து வந்தவன், ஆறடி நாலங்குலம், முதல் வருடமே குவாட்டர்பேக், அணிக்காகப் பந்தை எறிகிறவன். அவன் பந்தை எறியும்போது எனக்கு மூச்சு நின்று போகிறது. என் கணவன் வெர்ன் வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடித்து ஆடினான். கல்யாணத்தில்கூட இந்த மனுஷன் ஆடவில்லை.

ஊர் பையனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறது. எறிந்த நூறு பந்தில் எழுபத்தொன்று நம் ஆள் கையில் போய் உட்காருகிறது. எழுபத்தொன்று என்பது இப்போது இந்த ஊரில் எண் இல்லை, சாமி. டார்லீன் தன் உணவகத்தில் கரும்பலகையே மாட்டிவிட்டாள்: சனிக்கிழமை பிக்கெட் எழுபதைத் தாண்டினால், திங்கட்கிழமை வருகிறவர்களுக்கெல்லாம் ஆப்பிள் பை இலவசம்.

உள்ளூர்ப் பத்திரிகை கூரியரில் செவ்வாய்க்கிழமை பத்தி எழுதுகிறவள் நான். சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். ஆட்டக் கணக்கை எல்லாம் விரித்துப் போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

138 எறிதல். 98 சேர்ந்தது. சரி, எழுபத்தொன்று. ஆனால் எதிராளிகள் பாய்ந்து வரும்போது பந்தை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே கவிழ்ந்தானே, அது எத்தனை? இருபத்துமூன்று. அது எறிந்த கணக்கில் வராது. எறியவே இல்லையே! கல்லூரி ஆட்டத்தில் அதில் இழந்த கஜங்களை ஓட்டக் கணக்கில் கழித்துவிடுவார்கள், எறிதல் கணக்கு பளபளவென்று அப்படியே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம். அவன் அந்த இருபத்துமூன்றையும் கோட்டுக்கு வெளியே சும்மா வீசியிருந்தால் 161 கஜம் மிச்சம். சதவீதம் மட்டும் அறுபத்தொன்றாக இறங்கியிருக்கும்.

அவன் கவிழ்ந்த தடவைகளில் நாம் புள்ளி எடுத்தது இரண்டே முறை. பெரிய அணியோடு மோதும்போது இது நம்மைக் கொல்லும். எழுதட்டுமா? எழுதாமல் எப்படி இருப்பது?

அக்டோபர் 3, செவ்வாய்

பத்தி வந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேனாம். டார்லீன் காப்பியை என் முன்னால் ‘டொக்’ என்று வைத்தாள், ஆறிப்போன காப்பி. “பால் இருக்கா?” என்று கேட்டேன். “இருந்தது. இருபத்துமூணு பேருக்கு ஊத்திட்டேன், தீந்துபோச்சு.”

பகலில் ஆலங்கட்டி மழையில் அடிபட்ட வயலைப் பார்த்து இழப்பீடு மதிப்பிடப் போனேன், அதுதான் என் பிழைப்பு. வயல்காரர் மார்வின் என் பின்னாலேயே வந்தார். “அந்தப் பையனையே பத்து சதவீதம் கழிச்சவ நீ. என் சோளத்தை எத்தனை கழிக்கப் போறே?” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

வெர்ன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் போய்விட்டான். “எண்ணெல்லாம் கண்ணில்லாதவங்களுக்கு, லோர்னா. எனக்குக் கண்ணு இருக்கு” என்றான். நான் என்ன பையனைப் பிடிக்கவில்லை என்றா எழுதினேன்? பிடித்திருப்பதால்தானே எழுதினேன்! போகட்டும். கணக்குப்புலிக்கு வீட்டிலும் கூண்டுதான்.

அக்டோபர் 9, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். பையன் ஆறு தடவை கவிழ்ந்தான். கடைசித் தடவை விலாவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். நான் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று மாலை மளிகைக் கடை. உறைந்த வாஃபிள் இருக்கும் வரிசையில் திரும்புகிறேன், எதிரே மலை மாதிரி அவன்! தள்ளுவண்டி நிறைய வாஃபிள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

“மேடம், இருபத்துமூணு எழுதினது நீங்கதானே?”

“ஆமாம் தம்பி” என்றேன்.

“இப்ப இருபத்தொம்பது. அதுல எத்தனைய நான் வெளிய எறிஞ்சிருக்கலாம்?”

திட்டப்போகிறான் என்று பார்த்தால் கணக்கு கேட்கிறான்! “பத்தொம்பது” என்றேன்.

“நான் பதினெட்டுன்னு நெனச்சேன்.” சிரித்தான். “எங்கம்மா போன்ல ஒரே அழுகை. அந்தப் பொம்பளை சொல்றது சரிடா, நீ அடி வாங்கறதைப் பாக்க முடியலடான்னாங்க. எல்லாரும் என்னை சூப்பர், சூப்பர்ங்கறாங்க மேடம். எதுல மோசம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

வாஃபிள் பெட்டிகளை வைத்தே விளக்கினேன். நம் ஆட்கள் சூழ்ந்து காக்கும் கட்டத்துக்குள் நின்றபடி ஆளில்லாத இடத்துக்கு வீசினால் தண்டனை. முதலில் பக்கவாட்டில் ஓடி வெளியே வர வேண்டும், பிறகு கோட்டைத் தாண்டி வீசலாம். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மனசுதான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது கிடைப்பார்கள் என்று காத்திருக்கிறான்.

“ஒண்ணு சொல்லிடறேன். வெளிய வீசறது ஒவ்வொண்ணும் தப்பின பந்துன்னுதான் கணக்குல ஏறும். உன் எழுபத்தொண்ணு போயிடும் தம்பி. ஊர் சும்மா விடாது.”

“போகட்டும் மேடம். என் விலாவுக்கு சதவீதம் தெரியாது.”

வாங்க வந்த பட்டாணியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

எட்டு தடவை! எட்டு தடவை வெளியே வீசினான்! ஒரு தடவைகூடக் கவிழவில்லை! ஒவ்வொரு வீச்சுக்கும் நான் எழுந்து கைதட்டினேன். தட்டினது நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஊளையிட்டார்கள்.

“யாருக்கு எறியறான்? பெஞ்சுக்கா?” வெர்ன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். “உக்காரு லோர்னா, மானம் போகுது.”

மூன்று புள்ளியில் ஜெயித்தோம். சதவீதம் ஐம்பத்திரண்டு. திங்கட்கிழமை ஆப்பிள் பை கிடையாது.

அக்டோபர் 22, ஞாயிறு

தோற்றோம். தடுப்பு வரிசை ஓட்டைச் சட்டி, நாற்பத்துநான்கு புள்ளி கொடுத்தது. திட்டு மட்டும் பையனுக்கு. நாற்பத்தொன்பது சதவீதம் என்று வானொலியில் ஒவ்வொருவனும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான்.

அக்டோபர் 31, செவ்வாய்

மாறுவேடம் போட்ட பிள்ளைகள் மிட்டாய்க்கு வந்தார்கள். போன மாதம் பார்த்த தெருவெல்லாம் பிக்கெட்டின் ஏழாம் எண் சட்டை. இன்று ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் வருட மாணவன் பிராடி ஹாஸ்கின்ஸை மறுபடி இறக்கு என்கிறார்கள். போன வருடம் அவன் அறுபத்தாறு சதவீதமாம். போன வருடம் எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. மூன்று!

இன்றைய பத்தியில் எழுதினேன்: கடைசி மூன்று ஆட்டத்தில் பிக்கெட் கவிழ்ந்தது நாலே முறை, ஒவ்வொரு முறை பந்து நம் கைக்கு வரும்போதும் முன்பைவிட அதிகப் புள்ளி எடுக்கிறோம், இவன் மோசமாகவில்லை, தேறியிருக்கிறான். மதியத்துக்குள் டார்லீன் கேட்டுவிட்டாள், கடை முழுக்கக் கேட்கும்படி: “எழுபத்தொண்ணு பொய்ன்னே. இப்ப நாப்பத்தொம்பதும் பொய்ங்கறே. உனக்கு எந்த எண்ணுதான்டி நெசம்?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் வண்டியில் உட்கார்ந்து அழுகை வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவன் எழுபத்தொன்றோடு ராஜா மாதிரி இருந்திருப்பான். இடம் போய்விட்டால்? பதினெட்டு வயசுப் பிள்ளை, ஒருத்தியை நம்பி... ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்?

நவம்பர் 5, ஞாயிறு

ஜெயம். ஐம்பத்தொன்று சதவீதம். யாரும் கட்டிப்பிடித்து ஆடவில்லை.

நவம்பர் 16, வியாழன்

இன்று படைவீரர் சங்க மண்டபத்தில் ஆதரவாளர் விருந்து. வாராவாரம் பயிற்சியாளர் ஹாலக் வந்து கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்வார். சனிக்கிழமை கார்வர் ஸ்டேட்டோடு கடைசி ஆட்டம். நம் பரம எதிரி, இந்த வருடம் தோற்கவே இல்லை. மார்வின் எழுந்தார். “கோச், சனிக்கிழமை யாரு? ஹாஸ்கின்ஸா, இல்ல பெஞ்சுக்கு எறியறவனா?”

மண்டபமே சிரித்தது. என் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

ஹாலக் வாயைத் துடைத்துக்கொண்டார். “பத்தி எழுதற அம்மா எங்க?”

செத்தேன். கையைத் தூக்கினேன்.

“ஆகஸ்ட்லேர்ந்து அவன்கிட்ட தொண்டை கிழியக் கத்தறேன், வெளிய எறிடா, வெளிய எறிடான்னு. கேக்கவே இல்ல. நீங்க பேப்பர்ல எழுதினீங்க, மறு வாரமே கேட்டுட்டான். எனக்கு எதுக்கு சம்பளம் தர்றாங்கன்னே தெரியல!”

நான் சிரிப்பதா அழுவதா? ஹாலக் மார்வின் பக்கம் திரும்பினார். “சனிக்கிழமை பிக்கெட்தான். ஆனா அடுத்த வருஷத்துக்கு யாருன்னு இப்ப சொல்லமாட்டேன். கார்வர் ஆளுங்க முன்னாடி என்ன முடிவு எடுக்கறான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆக, சனிக்கிழமைதான் தீர்ப்பு. வெர்ன் உருளைக்கிழங்கு மட்டும் இரண்டு தடவை வாங்கினான்.

நவம்பர் 18, சனி

எழுத வரவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு புள்ளி பின்னால். பதினோரு விநாடி. மூன்றாவது முயற்சி. கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்பு ஒன்றும் மிச்சமில்லை. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, உதைக்க முடிகிற தூரம்தான். பந்து ஜெரோன் கைக்கு வந்தது. உடனே கார்வரின் இரண்டு தடியர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். பந்தோடு கவிழ்ந்தால் கடிகாரம் ஓடும், ஆட்டம் முடிந்தது. வெளியே வீசினால் கடிகாரம் நிற்கும். கார்வர் ஆள் ஒருவன் துரத்த, வலது கோடியில் நம் ஆள் ஒருவன் பாதி தனியாக ஓடுகிறான். பாதி! அதுதான் ஆசைகாட்டும் பாதி. மைதானமே “எறி, எறி” என்று அவனைக் காட்டுகிறது.

ஜெரோன் வலப்பக்கம் ஓடினான். பார்த்தான். நான் பெஞ்சுமேல் ஏறி நின்றேன், முட்டிவலியெல்லாம் மறந்து போச்சு. வேண்டாம்டா தம்பி, வேண்டாம்டா—

வாத்தியக் குழுவைப் பார்த்து வீசினான். பந்து பெரிய குழல்காரரின் குழலிலேயே போய் இடித்தது. ஐந்து விநாடி மிச்சம்! என் கண்ணில் தண்ணீர். இதைவிட அழகான எறிதலை நான் பார்த்ததில்லை, அது தப்பின பந்து!

உதைக்கிறவன் வந்தான். உதைத்தான். நேரே போனது, போனது, கம்பத்தில் பட்டது. வெளியே விழுந்தது.

தோற்றோம். வெர்ன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். ஜெரோன் உதைத்தவனிடம் ஓடிப்போய்த் தலையோடு தலை வைத்து நின்றான்.

இருபத்தொன்பது எறிதலில் பன்னிரண்டு. நாற்பத்தொன்று சதவீதம். இந்தப் பருவத்திலேயே குறைவு. கவிழ்ந்தது பூஜ்யம். அவன் சரியாகத்தான் செய்தான். சத்தியமாகச் சரியாகத்தான் செய்தான். கம்பம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 22, புதன்

ஹாலக் அறிவித்துவிட்டார். அடுத்த வருடமும் பிக்கெட்! சமையலறையில் குதித்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. வெர்ன் உள்ளே வந்து “ம்” என்றான், ஐஸ் எடுத்துக் கொடுத்தான்.

நவம்பர் 23, வியாழன்

நன்றித் திருநாள் விருந்து, வெர்னுடைய அண்ணன் டேல் வீட்டில். வான்கோழி கொஞ்சம் வறண்டிருந்தது. நான் இன்றைக்கு ஃபுட்பால் பேசுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். பேசவும் இல்லை.

டேல்தான் ஆரம்பித்தார். “நாப்பத்தொண்ணு சதவீதக்காரனை அடுத்த வருஷமும் வெக்கறானாம். அந்த ஹாலக்குக்குப் புத்தி இருக்கா?”

நான் சோளரொட்டியைப் பிட்டேன். பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. வெர்ன் எழுந்து நிற்கிறான்.

“நாப்பத்தொண்ணுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா டேல்? சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதே. கவிழ்ந்தா அது எறியற கணக்குலயே வராது, தெரியுமா? வெளிய எறிஞ்சாத்தான் கணக்குல வரும். அப்ப என்ன ஆகும்? நல்லது பண்ணா சதவீதம் குறையும், கெட்டது பண்ணா பளபளன்னு இருக்கும்! எத்தனை பேருக்குத் தெரியும் இது?”

உப்புக் குப்பியை நடுவில் வைத்தான், அது ஜெரோன். இரண்டு மிளகுக் குப்பி, கார்வர் தடியர்கள். ரொட்டித் துண்டு, பாதி தனியாக ஓடியவன். முகம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை எத்தனை தடவை வெளியே வீசினான் என்று விரல்விட்டு எண்ணினான், ஏழு. ஏழையும் ஒவ்வொன்றாகச் சொன்னான், எந்தப் பக்கம், யார் துரத்தினார்கள், எல்லாம். நான் எழுதி வைத்திருப்பதும் ஏழுதான்.

டேல் வாயைத் திறந்தார். வெர்ன் விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான்.

“உனக்கு இது புரியாது லோர்னா. நீ எண்ணை மட்டும் பாப்பே. ஆட்டத்தைப் பாக்கணும்.”

“அப்படியா?” என்றேன். “எங்கே, முதல்லேர்ந்து சொல்லு.”

ரொட்டித் துண்டைத் துரத்திய கார்வரின் மூன்றாவது ஆளுக்கு வைக்க ஒன்றும் இல்லாமல் தேடினான். குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.