புதிய அப்பா

செப்டம்பர் 4, 2003

இன்றும் பீச் பழம்தான். தோலுரித்து, சர்க்கரைப் பாகு ஊற்றி ஜாடிகளில் அடைத்தோம். என்னைப் பெற்ற அம்மா அடுப்படியில். அப்பாவின் இரண்டாம் மனைவி ஆர்டித் அம்மா, கைக்குழந்தை லோயிஸை இடுப்பில் வைத்தபடியே கொட்டை எடுத்தார். மதியம் எங்கள் சபைத் தலைவரான தீர்க்கதரிசி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மூன்றாவது மனைவி கொடுக்கப்போகிறார் என்று நினைத்தோம். அம்மாக்கள் இருவரும் அதற்குப் பிறகு ஜாடி மூடிகளையே இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 5

மனைவி இல்லை. அப்பாவின் ஆசாரியத்துவத்தைப் பறித்துவிட்டார்கள். அது இல்லாத ஆணுக்கு எங்கள் சபையில் மனைவி, பிள்ளை என்று யாரும் கிடையாது. ஊரைவிட்டுப் போய் மனந்திரும்ப வேண்டுமாம். என்ன பாவம் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தீர்க்கதரிசி சொல்லலம்மா. நானே கண்டுபிடிக்கணுமாம்."

தச்சுச் சாமான்களை மட்டும் வண்டியில் ஏற்றினார். அம்மாக்களைத் தொடவில்லை. இனி அவர்கள் அவருடைய மனைவிகள் இல்லை.

செப்டம்பர் 7

அம்மாவையும் என்னையும் தம்பி ஹைரமையும் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் பிராட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆர்டித் அம்மாவையும் லோயிஸையும் வடக்கே யாரோ ஒருவருக்கு. கொடுத்துவிட்டார்களாம்! நாங்க என்ன, கோழியா?

வாசலில் மூப்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். லோயிஸ் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆர்டித் அம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். "அழாதடி. அழுதா உன்னை அடங்காதவள்னு சொல்லிடுவாங்க."

செப்டம்பர் 8

அழவில்லை.

செப்டம்பர் 21

மூப்பர் பிராட் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன். ஹைரமுக்கு மரக்குதிரை வாங்கி வந்தார். அவனும் இன்று அவரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டான். நாலு வயது, அவனுக்கு என்ன தெரியும்? அம்மா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன், எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று.

"கீழ்ப்படிஞ்சாதான் உங்க ரெண்டு பேரையாவது எங்கிட்ட விட்டுவைப்பாங்க."

நானும் கூப்பிட வேண்டுமா? வாய் வரவில்லை.

அக்டோபர் 18

பிராட்டின் மூத்த மனைவியோடு மாவு வாங்க எல்லை தாண்டி யூட்டா மாநிலத்து டவுனுக்குப் போயிருந்தேன். மரக்கடை வாசலில் அப்பா. கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். பாவாடை தடுக்கத் தடுக்க ஓடினேன். எங்களையும் கூட்டிட்டுப் போங்கப்பா என்றேன்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறத்தியார் பெண்களிடம் செய்வதுபோல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஹைரமின் இருமல் தேவலையா என்று மட்டும் கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போய் வண்டியில ஏறு, வெல்டா. உங்க அப்பா தேடுவார்."

ஏறினேன்.