ரசத்தில் டயர் நாற்றம்

6.2.84, திங்கள்
காலையில் பனி. சேலம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கூடையில் தவிட்டில் புதைத்த பொரிப்பக முட்டைகள். கண்டக்டர்: "ஆப்பாயிலுக்குங்களா?"
ஆய்வகத்தில் ஆறாம் நாள் கோழிக்கரு. மூக்குக் குழியிலிருந்து மூளையை நோக்கிப் பழுப்பு நரம்பிழைகள். சில மட்டும் பக்கவாட்டில் வழி தவறி. யார் வழி சொல்கிறார்கள்?
பேராசிரியர்: "ஏதோ வேதிப்பொருள் கூப்பிடுதும்மா. பேரு இன்னும் தெரியாது."
வாங்க: பிளேடு, மெழுகு, அம்மாவுக்குத் தைலம்.

8.2.84, புதன்
நல்ல வெயில். நேற்று தொப்பூர் இறக்கத்தில் அண்ணன் ஓட்டிய எங்கள் லாரியில் பிரேக் லைனர் கருகியிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தினாராம். ஐப்பசியில் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை.
அப்பா: "வண்டிய வெலைக்குக் குடுத்துரலாம். வெள்ளிக்கெழம ஆள் வரச் சொல்லிட்டேன்."
"சரிங்க." அண்ணன், தட்டைப் பார்த்தபடியே. பிறகு என்னிடம்: "ஏஞ்சாமி, உங்கோழிக்குஞ்சு மூக்கு ஒண்ணு எனக்கு ஒட்டி உடேன்."
சிரித்துவைத்தேன். மூக்கு நரம்பு பெரியவர்களுக்கும் புதிதாக முளைக்கும் என்று படித்ததைச் சொல்லவில்லை. முளைத்தால் போதுமா? கருவில் கூப்பிட்டது இருபத்தெட்டு வயதிலும் கூப்பிடுமா? எனக்கே தெரியாததை அவனுக்கு நம்பிக்கையாகக் கொடுப்பதில் விருப்பமில்லை.
தைலம் மறந்துவிட்டது.

10.2.84, வெள்ளி
மேகமூட்டம். கல்லூரிக்குப் போகவில்லை. மதியச் சாப்பாட்டில் அண்ணன் முதல் வாயைத் துப்பினான்.
"என்னம்மா ரசம் இது! டயர் கருகுற நாத்தம்!"
"கொழுப்பாடா உனக்கு? புதுப்புளி!" அம்மா கரண்டியை என் மூக்கருகே நீட்டினாள். நல்ல ரசம்.
மோரை முகர்ந்தான். டயர். ஊதுபத்தி. அதுவும் டயர்.
அம்மாவுக்கு அழுகை. "மூக்குப் போனது பத்தாதுன்னு புத்தியும் போச்சே!"
எனக்குப் புரிந்தது. நரம்பு மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேறு வாசலில், அதனால்தான் எல்லாமே டயர். ஆனாலும் சேர்ந்திருக்கிறது. இந்த முறை சொல்லிவிட்டேன். சரியான இடம் பிடிக்க மாதங்களாகலாம், பிடிக்காமலும் போகலாம் என்பதையும்.
அண்ணன் மறுபடி கரண்டியை முகர்ந்தான். "லாரிக்காரனுக்கு இந்த ஒரு வாசன போதுமுங்கப்பா."
அப்பா சிரிக்கவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். வண்டி பார்க்க வந்தவர்கள். அப்பா கை கழுவிக்கொண்டு போனார்.
"தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கெழம ஊட்டுப் பொருள் எதையும் வெளிய குடுக்கறதில்லீங்க. சித்திர போவட்டும், பாக்கலாம்."
கிழமை குறித்ததே அவர்தான்.