பூந்தமல்லிக்குப் போகாத சைக்கிள்

என் கோமதி அண்ணிக்கு,

உன் சைக்கிள் சரியாகிவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். உன் பேரை எடுத்தாலே இப்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாகங்களை அளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நீ எனக்கு வெறும் கோமதி. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்த பிறகுதான் அண்ணி. சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாய் என்று பூந்தமல்லியில் உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். வருஷக்கணக்காகத் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள் உன் சித்தி வந்து, "அக்கா உன்ன ஒரு தபா வந்துட்டுப் போவச் சொல்லுது" என்றார். நீ அன்று சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வெளியே வந்ததும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "போறேன்டீ. ஆனா சைக்கிள்லதான் போவேன். ஷேர் ஆட்டோல போய் எறங்கினா, வாழ முடியாம அழுதுகினு வந்தா மாதிரி இருக்கும். நான் நல்லாக் கீறேன்னு எங்கம்மா பாக்கணும்."

பாடியில் பழைய சாமான் கடையில் அந்த மூன்று கியர் சைக்கிளைப் பிடித்தாய். வெளியே பல்சக்கர அடுக்கு ஒன்றும் கிடையாது. மூன்று கியரும் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கம்பி ஓடிப்போய் ஹப்புக்குள் நுழைகிற சின்னச் சங்கிலியை இழுக்கும். சமதரையில் ராணி மாதிரி ஓடியது. மேம்பாலம் ஏறும்போதுதான் நடு கியர் நழுவும். பெடல் சும்மா சுற்றும், முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடிக்கும். கம்பியை முறுக்கி வைத்தால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மறுபடியும் அதே கதை.

சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இத்தயெல்லாம் எவன் ரிப்பேர் பண்ணுவான்? சாதா வீல் ஒண்ணு மாட்டிக்கினு போம்மா" என்றார். உனக்கு வந்ததே கோபம்! அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் பேப்பரை விரித்து ஹப்பைக் கழற்றத் தொடங்கியிருந்தாய். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவினோம். மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று தெறித்துப் போக, தரையில் தவழ்ந்து தேடினோம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தோம். நழுவியது. நீ சிரித்தாய். "உடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று போனது. பஸ்ஸில் போய்விட்டு வாயேன் என்று நான் ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை? உன் ரோஷம் எனக்கும் பிடித்திருந்தது. அம்மா எங்கே போய்விடப் போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம். நீ போய்விடுவாய் என்று யார் நினைத்தது?

காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரில்லாமல் ஆம்புலன்சில் கொண்டுவந்தபோது உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் இந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

போன மாதம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பியின் உறையைப் பிடித்து நிறுத்த சட்டத்தில் ஒரு கிளிப் இருக்கிறதே, அதற்கு முன்னால் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று தெரிந்தது. கியர் மாற்ற மாற்ற அந்தக் கிளிப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்திருக்கிறது. கம்பி தளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான், அண்ணி. ஹப்புக்குள் ஒரு கோளாறும் இருந்ததில்லை. கிளிப்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினேன். மேம்பாலம் ஏறினேன். நழுவவில்லை. உச்சியில் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போனேன். உன் அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"அவ வண்டியா?"

"ஆமாம்மா. இதுலதான் உங்களப் பாக்க வருவேன்னா. நடு கியரு நழுவிக்கினே இருந்துது. அது சரியாவட்டும்னு இருந்தா."

அவர் குனிந்து பெடலைக் கையால் சுற்றினார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் சுற்றியது. அவர் நிறுத்தவே இல்லை.

"பஸ்ஸு ஓடிக்கினுதானே இருந்துச்சு," என்றார். "பஸ்ல வந்திருக்கக் கூடாதா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கிரீஸ் படிந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டார். நீ சின்ன வயதில் கத்தரிக்காயை ஒதுக்கி வைப்பாயாமே. எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒதுக்கியதில்லையே! புகுந்த வீடு என்று பேசாமல் தின்றாயா? கிளம்பும்போது, "மறுபடி எப்ப வருவ?" என்று கேட்டார். என் கையை விடாமல் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், அண்ணி. அடுத்த தடவை அண்ணனையும் இழுத்துக்கொண்டு போவேன். சைக்கிள் ஓடினால் சைக்கிளில். மக்கர் செய்தால் அதை வாசலிலேயே போட்டுவிட்டு, வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

உன் நாத்தனார்,
ஜெசிந்தா