ஷாண்டெலின் பென்னி வரி

பைன் லேண்டிங், தென் கரோலினா
நவம்பர் 17

என் அன்பு மகன் டெரலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒரு ஜோடிதான் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும், பெற்றவளிடம் மறைக்காதே. போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு வேலை வந்துவிடுகிறது, இது பாதியில் நிறுத்தக்கூடிய சமாசாரம் இல்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் தங்கை ஷாண்டெல் ஜெயித்துவிட்டாள் டெரல். பென்னி வரி பாஸாகிவிட்டது.

நீ இங்கே இருந்தபோது ஒரு தடவை வாக்கெடுப்புக்கு வந்து தோற்றதே அதே வரிதான், கடையில் வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு பென்னி, ஒரே ஒரு சென்ட், கூட்டிக் கொடுத்தால் அதை நம் கவுண்டியின் சாலைக்கும் பாலத்துக்கும் போடுவது என்று. அப்போது தோற்றதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்தத் தடவை அப்படி இல்லை. நம் வீட்டுக்கு வரும் வழியில் இருக்கிற ஓடைப் பாலத்தைக் கோடைக்குள் சரிசெய்யாவிட்டால் மூடிவிடுவோம் என்று மாநிலத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இப்போதே அதில் கனமான வண்டி எதுவும் ஏறக்கூடாது, பள்ளி பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, பிள்ளைகள் மழையில் நடந்து வருகிறார்கள். சென்ற வசந்தத்தில் நம் சபையின் பிரதர் ஏமோஸ் வீடு தீப்பிடித்ததே, தீயணைப்பு வண்டி பாலத்தில் ஏற முடியாமல் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது, வந்து சேர்ந்தபோது புகைபோக்கி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. அவர் சாம்பலில் நின்று தன் மூக்குக் கண்ணாடியைத் தேடியதை ஷாண்டெல் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். மறுநாளே அந்த வரிக்காக ஓட்டுக் கேட்கிற பென்னி கமிட்டியில் பெயர் கொடுத்துவிட்டாள்.

அவளைப் பற்றி இந்த வீட்டில் என்ன பேச்சு இருந்தது என்று உனக்குத் தெரியும், கல்லூரியைப் பாதியில் விட்டாள், சலூன் வேலையைப் பாதியில் விட்டாள், எதையும் முடிக்க மாட்டாள் என்று உன் அப்பா சாப்பாட்டு மேசையிலேயே சொல்வார். இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை பார்க்கிறாளா, அது முடிந்ததும் அதே செருப்போடு ஓட்டுக் கேட்கப் போய்விடுவாள். நாய் துரத்தியிருக்கிறது, ஒருவர் தோட்டக் குழாயைத் திருப்பித் தண்ணீரே அடித்திருக்கிறார். அதைவிடப் பெரிய தலைவலி நம் வீட்டு வாசல்தான். புல்தரையில் என் ரோஜாச் செடிப் பக்கம் அவள் "பென்னிக்கு ஆம்" என்று பலகை நட்டாள், தபால் பெட்டிப் பக்கம் உன் அப்பா "வேண்டாம்" என்று நட்டார், புல் வெட்டும்போது இரண்டையும் பிடுங்கித் திரும்ப நடுவது யார், நான்தான்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் மெத்தைக் கடை ஆற்றங்கரையில் இருக்கிறது, ஆற்றைத் தாண்டினால் அடுத்த கவுண்டி, அங்கே இந்த வரி கிடையாது. கட்டிலும் மெத்தையும் வாங்குகிறவன் ஒரு பென்னிக்காக இல்லாவிட்டாலும் அத்தனை பென்னி சேர்ந்தால் யோசிப்பான் இல்லையா. ஒருநாள் சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "பாலம் வேணும்னு எனக்கும் தெரியும் வெர்னெல். ஆனா கடை போச்சுன்னா இந்த வயசுல நான் யார்கிட்டப் போய் வேலை கேப்பேன்?" நான் காபியை ஊற்றிக் கொடுத்தேன்.

போகிற வீட்டிலெல்லாம் ஷாண்டெலை இதை வைத்துத்தான் குத்திக் காட்டினார்களாம், உங்க அப்பாவே வேண்டாம் என்கிறாரே, முதலில் அவரைத் திருத்திவிட்டு வா என்று. சபையில் மீன் வறுத்து விற்ற சனிக்கிழமை, வரியை எதிர்க்கிற டீக்கன் ஹோரஸ் எல்லோர் முன்னாலும் அதையே கேட்டுச் சிரித்தார். அவள் முகம் சிவக்கவில்லை, தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள், "எங்கப்பா பயப்படறதுக்கு அவர்கிட்ட ஒரு கடை இருக்கு. உங்களுக்கு என்ன காரணம், அதைச் சொல்லுங்க." ஹோரஸ் வாயில் மீன் முள் மாட்டியதுபோல நின்றார். நான் பாத்திரம் கழுவுவதுபோல திரும்பிக்கொண்டேன், சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன்.

வாக்குப்பதிவு அன்று நடந்த கூத்தைக் கேள். வாக்குச்சாவடிக்குள் கட்சி கட்டுகிற சட்டை, தொப்பி எதுவும் கூடாது என்று பாடகர் குழுப் பெண்களுக்கெல்லாம் ஒரு வாரமாகப் பாடம் எடுத்தவள் நான், காலையில் அவசரத்தில் அந்த மஞ்சள் "ஆம்" சட்டையையே போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். சாவடிக்குப் பொறுப்பு நம் மிஸ் ஓடெஸா, இருபது வருஷமாக என் பக்கத்தில் நின்று பாடுகிறவள், கொஞ்சமாவது தயவு காட்டினாளா, கழிப்பறைக்குப் போய்ச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வா என்றாள். உன் அப்பா கழுத்து நரம்பு புடைக்கச் சிரித்தார். உடனே ஓடெஸா அவர் பக்கம் திரும்பி, தலையிலிருக்கிற "வேண்டாம்" தொப்பியையும் கழற்றச் சொன்னாள். தையல் வெளியே தெரிய நானும், வழுக்கை மின்ன அவரும், ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று ஓட்டுப் போட்டோம்.

ஒரு சாவடியில் இயந்திரம் மக்கர் பண்ணியதால் முடிவு மறுநாள் காலையில்தான் வந்தது. சபை மண்டபத்தில் காலைச் சாப்பாட்டுக்குச் சோள ரவை கிரிட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தோம், நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் பென்னி ஜெயித்தது என்று போன் வந்ததும் பிரதர் ஏமோஸ் தன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், மாட்டவே இல்லை. அப்போது உன் அப்பா உள்ளே வந்தார். நேராக ஷாண்டெலிடம் போனார். ஓட்டை மாற்றிப் போட்டேன் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன், ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "நான் வேண்டாம்னுதான் போட்டேன். நீ என்னையும் சேர்த்துத்தான் ஜெயிச்சிருக்க. முடிச்சுக் காட்டிட்ட, தங்கம்," என்றார். அவ்வளவுதான். நாய் துரத்தியபோதுகூட அழாத பெண், அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது டெரல், அவளைப் பார்த்தும், அவரைப் பார்த்தும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளுக்குப் போன் பண்ணு, கேலி பண்ணாமல் பேசு. பனியில் வேகமாக ஓட்டாதே, சாப்பாட்டை டப்பாவிலிருந்து அப்படியே தின்னாதே. ஆண்டவர் உன் வழியெல்லாம் உன்னோடு இருந்து உன்னைப் பத்திரமாக வைக்கட்டும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வெர்னெல்

பி.கு.: தபாலில் போடப் போகும் வழியில் கடைப் பக்கம் போனேன். "வேண்டாம்" பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் அப்பா தன் கையாலேயே பெரிதாக எழுதிக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்திருக்கிறார்: "பென்னியை மிச்சம் பிடிக்க ஆற்றைத் தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் என் மகளின் பாலத்தில் ஏறாதீர்கள்."