இரவுக் கிழமை

4 நவம்பர், திங்கள்
மழை. இவர் இரவு வேலை முடிந்து காலை ஆறே முக்காலுக்கு வந்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஏழு நாள் பகல் கிழமை, அடுத்த ஏழு நாள் இரவுக் கிழமை. சப்பாத்துக் கழற்றாமலே கதிரையில் தூக்கம். எழுப்பி, மகள் ஆதிரையையும் தூக்கிக்கொண்டு, டாக்டரிடம் எட்டு மணி டெர்மினுக்கு ஓட்டம்.

இவருக்குப் போன வருடம் மாற்றிய சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் வைக்கும் குளிசை. அது இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஜேர்மன் மொழிபெயர்ப்பு வழமைபோல் நான்.

"நன்றாகத் தூங்குகிறாரா?" என்றார் டாக்டர்.

"ஓம் எண்டு சொல்லும்," என்றார் இவர்.

சொன்னேன். இரவு வேலையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. "ஒப்பந்தம் மாசி வரைக்கும்தான். இரவிலை ஏலாதெண்டு டாக்டர் கடிதம் குடுத்தா வேலையாலை அனுப்பிப் போடுவாங்கள்," என்பார் இவர்.

6 நவம்பர், புதன்
டாக்டரிடமிருந்து போன். இரத்தத்தில் மருந்து கூடுதலாம். குளிசையைக் குறைக்கட்டாம். மூன்றாம் தடவை. காலை எட்டு, இரவு எட்டு, அலாரம் வைத்துத்தானே போடுகிறார்?

வாங்க: பம்பர்ஸ், பால், உள்ளி.

பின்னேரம் ஹனோவரில் இருந்து இவருடைய அக்காவின் அழைப்பு. தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவ. அதே பகிடி. "டேய், என்ர ஆள் எப்பிடி? வேலை செய்யிறானோ, உன்னைப்போலப் படுத்துக் கிடக்கிறானோ?"

"உங்கட ஆள் லீவே எடுக்கிறேல்லை அக்கா," என்றார் இவர்.

14 நவம்பர், வியாழன்
பகல் கிழமை. இவருடைய கணுக்காலில் வீக்கம். விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. "நிண்டு வேலை செய்தா வீங்கும்தானே," என்றார். ஆதிரை அந்தக் குழிக்குள் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

15 நவம்பர், வெள்ளி
டெர்மின் இல்லாமலே போனோம். மருந்து இந்தமுறை மிகக் குறைவு. "குளிசையைப் போடாமல் விடுகிறாரா?" என்றார் டாக்டர். சொல்ல வேண்டாம் என்று இவர் என் காலைத் தட்டினார். சொல்லிவிட்டேன். நாஹ்ட்ஷிக்ட், இரவு வேலை. அந்தச் சொல் இவருக்கும் விளங்கும்.

டாக்டர் பேனாவை வைத்தார். உடம்புக்கும் நேரம் உண்டாம். அதே குளிசை, அதே அளவு. பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி இரத்தத்தில் சேருமாம். தூக்கம் கெட்டால் இன்னும் குழம்பும். வேறு காரணமும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. "ஆனால் தெரிந்திருந்தால் குறைத்திருக்க மாட்டேன்."

கடைசி வசனத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பிள்ளை தூங்கியபின் நாட்காட்டியை எடுத்தேன். இன்றையதைத் தவிர ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையும் இரவுக் கிழமையில். அப்போதுதானே இவருக்குக் காலையில் நேரம். அந்த நாட்களில் மருந்து கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக் குறைத்தார்கள். குறைத்தது பகல் கிழமைக்குப் போதவில்லை. டெர்மின் எல்லாம் வைத்தது நான்.

19 நவம்பர், செவ்வாய்
ஆஸ்பத்திரி. சிறுநீரகத்தில் ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு தள்ளத் தொடங்கிவிட்டது. கெட்டது கெட்டதுதானாம், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கையில் சேலைன்.

நாலு மணிக்கு அக்காவின் அழைப்பு. ஸ்பீக்கரில்: "டேய், என்ர ஆள் எப்பிடி?"

 இவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு ஏலாது. நீர் சொல்லும். விட வேண்டியதை விட்டுச் சொல்லத் தெரியும்தானே உமக்கு."

"ஹலோ? பிள்ளை? கேக்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன்.