கால் படாத புல்

நைனா,

கட்டிலுக்கு அடியில் பள்ளி ஷூவைத் தேடிக் கையை விட்டேன். வேப்பம்புண்ணாக்கு மூட்டை கையில் பட்டது. வாயைப் பிரித்ததும் அந்தக் கசப்பு வாடை அறை முழுக்க ஏறிவிட்டது. பஸ் ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து நொறுக்குவாயே, அதே வாடை. அம்மா வருவதற்குள் கட்டி உள்ளே தள்ளிவிட்டேன். இப்போது அவள் தூங்குகிறாள். நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உனக்கு எழுதுவதைப் பார்த்தால் அழுவாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் புல்லை யாரோ சாகடித்துக்கொண்டிருந்தார்கள், நைனா.

கோட்டைக்குள் கல்யாண மகால் பக்கத்துப் புல்லைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் உனக்கு அந்த ஆசை வந்தது. "நம்ம ஊட்டு முன்னாடியும் இது மாதிரி போட்டா இன்னா?" என்றாய். வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். உனக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. நர்சரியில் பாய் போலச் சுருட்டிக் கொடுத்த புல்லைக் கொண்டுவந்து, கல்லைக்கூடப் பொறுக்காமல் விரித்தோம். வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றியே அதை அழுக வைத்தோம்.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. போனில் வீடியோ பார்த்து, மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கினோம். தண்ணீர் தேங்காமல் தெருப்பக்கம் ஓடும்படி சரித்தோம். மக்கிய எருவோடு புண்ணாக்கைக் கலந்தோம். ஏரிக்கரை வரப்பிலிருந்து அருகம்புல் கொடியை அறுத்துக் கொண்டுவந்து விரல் நீளத்துக்கு நறுக்கி நட்டோம். பால் ஊற்றும் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னா டிரைவரே, நாங்க இடுப்பொடியப் புடுங்கிப் போடறத நீ நட்டு வெக்கிற? எருமை எதனா வாங்கப் போறியா?"

"எருமை எதுக்குக்கா? நானே மேயலாம்னு பாக்கறேன்."

வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக்கூடாது என்று நான்கு பக்கமும் கயிறு கட்டினாய். பிடித்த பிறகும் அவிழ்க்க உனக்கு மனம் வரவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல் கேட்டு வந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிற்கவைத்து நீயே கிள்ளிக் கொடுத்தாய். நான் தண்ணீர் ஊற்றப் போனால் பின்னாலேயே வருவாய். "காத்தால ஊத்து பாப்பா. ராத்திரி ஈரத்தோட படுக்க வெச்சா நமக்கே சளி புடிக்கும், அதுக்குப் புடிக்காதா?" வெட்டும்போது நுனியை மட்டும்தான் வெட்ட வேண்டும். "மொட்டை அடிச்சா வெயிலு வேரைச் சுட்டுடும்."

சித்திரையில் திடீரென்று நெஞ்சு வலித்து நீ போனாய். கருமாதி முடிந்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து உன் அண்ணன் வந்தார். பெரியப்பாவின் வீட்டுக்கும் நமக்கும் நடுவே சுவர்கூடக் கிடையாதே, வருவதற்கு என்ன?

"தளம் போட்டு ஷீட்டு எறக்கினா ஒரு கடைக்கு உடலாம்மா. உனக்கும் வருமானம். புல்லா சோறு போடப் போவுது?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "புல்லு பச்சையா இருக்கிற வரைக்கும் வேணாம் மாமா. காஞ்சி போச்சின்னா அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து பெரியப்பா பல் விளக்குவதே நம் புல்லைப் பார்த்துக்கொண்டுதான். ஆடி பிறந்ததும் துளசித் தொட்டி ஓரத்து மூலை மஞ்சளாகியது. முதலில் ஒரு தட்டு அகலம். பிறகு முறம் அகலம். பிறகு வைக்கோல் நிறம். தோண்டிப் பார்த்தேன், புழு இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். மற்ற இடமெல்லாம் பச்சையாக இருக்க அந்த மூலை மட்டும் சாகிறது என்றால், அது வெயிலும் இல்லை, நோயும் இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகையில் களைக்கொல்லி கேன் ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னா பாப்பா, உங்க நைனா புல்லு வெளுக்குது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

ஒரு வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும், கோலமாவை எடுத்துப் புல்லைச் சுற்றி மெல்லிசாகத் தூவி வைத்தேன். அதைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் எதுவும் கலையவில்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மறுபடி பார்த்தேன். பெரியப்பா பக்கம் ஒரு தடமும் இல்லை. நம் வாசற்படியிலிருந்து மூலைக்குப் போய்த் திரும்பிய கால் ஒன்று இருந்தது. சின்னக் கால், சுண்டுவிரல் தரையில் பதியாத கால். அம்மாவின் கால்.

நைனா, அந்த வாரம் முழுக்க எனக்குப் பாடம் ஏறவில்லை. அம்மாவும் பெரியப்பாவோடு சேர்ந்துவிட்டாளா? தன் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, புல்லையே காயவைத்துவிட்டுத் தலையாட்டப் போகிறாளா? தோசை போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது.

நீ போனதிலிருந்து அம்மா செவ்வாய், வெள்ளி தவறாமல் எனக்கு உப்புச் சுற்றுகிறாள். கை நிறையக் கல்லுப்பை எடுத்துத் தலையைச் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, சொம்புத் தண்ணீரில் கரைத்து வெளியே எடுத்துப் போவாள். கொட்டிவிட்டு வரும்வரை நான் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பலிக்காதாம். சாக்கடையில் கொட்டுகிறாள் என்றே நினைத்திருந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை. அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சாக்கடைக்குப் போகிறவள் எதற்குச் செருப்பைக் கழற்றுகிறாள்?

திரும்பிவிட்டேன், நைனா. எழுந்து வாசலுக்கே போய்விட்டேன்.

கயிற்றுக்கு வெளியே நின்றபடி குனிந்து அந்த மூலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அவரைக் கொண்டுபோன கண்ணு எம் பொண்ணு மேல படாம போவட்டும்" என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"அங்கயாம்மா ஊத்தற?"

சொம்பு கைநழுவி விழுந்தது. "ஏண்டி திரும்பின? திரும்பக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"அது உப்பும்மா. புல்லு சாவுது."

"கால் படாத எடத்துலதாண்டி ஊத்தணும். இந்த ஊட்ல கால் படாத எடம் வேற எங்க இருக்குது? உங்க நைனாதான் கயிறு கட்டி வெச்சிட்டுப் போனாரு."

சொல்லி முடித்த பிறகுதான் மூலையைப் பார்த்தாள். அதுவரை அதை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். "நானாடி?" என்றாள்.

இன்று காலை பெரியப்பா மேஸ்திரியோடும் அளவு டேப்போடும் வந்துவிட்டார். அம்மா வாசலுக்கு வந்து முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"புல்லு காயல மாமா. நான்தான் தெரியாம உப்புத்தண்ணி ஊத்திட்டேன். திரும்ப வந்துடும்."

"உப்பா? ஏம்மா, புல்லுல ஊறுகாய் போடப் போறியா?"

மேஸ்திரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பெரியப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "தீவாளி வரைக்கும் பாக்கறேன்" என்றார். போகும்போது புல்லை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்தக் கேன் இருக்கும் இடத்தை நான் மறக்கப் போவதில்லை.

அம்மாவும் நானும் மூலை மண்ணை வெட்டிக் கூடை கூடையாக வெளியே கொட்டினோம். மிச்சமிருந்த உப்பு இறங்கட்டும் என்று தண்ணீரை நிறைய விட்டு, தெருப்பக்கம் ஓடவிட்டோம். புதுச் செம்மண் போட்டோம். பக்கத்துக் கொடிகளே படர்ந்து வந்து மூடிவிடும். பிறகு அம்மா கயிற்றைக் காட்டி, "அவுத்துடு" என்றாள். அவள்தான் முதலில் மிதித்தாள். "குத்துதுடி" என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இனிமே இங்க ஊத்த முடியாது, கால் பட்டுடுச்சி" என்றாள். செவ்வாய்க்கிழமை எங்கே ஊற்றுவாள் என்று தெரியவில்லை. நிறுத்த மாட்டாள். நான் நேற்றுத் திரும்பிப் பார்த்ததை அவள் மறந்த மாதிரி நடிக்கிறாள். ஆனால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு இப்போதுதான் தூங்கினாள்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அது உன் மேல். கடைசியாகப் புல் வெட்டிய அன்று, பாதியில் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். "இன்னா நைனா?" என்றேன். "ஒண்ணுமில்ல, எறும்பு போறதப் பாக்கறேன்" என்றாய். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு ஓர் எறும்பும் தெரியவில்லை.

இன்று மண் அள்ளிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று உட்கார்ந்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏம்மா உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்லடி. இடுப்பு."

"இடுப்பா, நெஞ்சா?"

"இடுப்புதாண்டி."

"எங்க, காட்டு."

என் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்து அழுத்தினாள். அதன் பிறகுதான் நான் கூடையை எடுத்தேன்.